பார்க்கு வாசல் மீன்கடை

மணவாளன் வீட்டுக் கதவில் இரண்டு தாழ்ப்பாள்கள் உண்டு. கீழே இருப்பது வீடு கட்டும்போதே வைத்தது. மேலே, மகள் ரோஜாவின் கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பது, போன தை மாதம் அவன் மனைவி செங்கம்மாள் ஆசாரியைக் கூப்பிட்டுப் போட வைத்தது.

மீஞ்சூருக்குக் கிழக்கே கரியான்மேட்டில் வாசல்படியை விட்டு இறங்கினால் ரோடுதான். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகிற டிரெய்லர்கள் இரவும் பகலும் அதில் போகும், வரும். ரோட்டின் கடைசியில் கன்டெய்னர்களை இறக்கி அடுக்குகிற யார்டு. மழைக்காலத்தில் சேறு, மற்ற நாளெல்லாம் புழுதி. சோற்றுச் சட்டியை ஒரு நிமிஷம் திறந்து வைக்க முடியாது. நாற்பதடி வண்டி ஒன்று கடந்தால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும்.

தை மாதம் ஒரு சாயங்காலம் ரோஜா பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டாள். பிரேக் பிடித்த சத்தம் கேட்டுத் தெருவே ஓடி வந்தது. பம்பருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. குஞ்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவள் குந்தியிருந்தாள். கேபினிலிருந்து டிரைவர் இறங்கி வந்து பார்த்தான். அது மணவாளன்.

யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல்தான் அவன் பிரேக்கை மிதித்திருந்தான். தெரிந்ததும் ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தான். வண்டியை வேறொரு டிரைவர்தான் யார்டுக்குள் கொண்டுபோய் விட்டான். அதற்குப் பிறகு பல நாட்கள் மணவாளன் சோற்றைப் பிசைவான், எழுந்துவிடுவான். அந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை. பழவேற்காட்டு ஏரியில் வலை போட்ட குடும்பம் அவனுடையது. மீன்பாடு குறைந்துபோன காலத்தில் ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவன்.

அன்றிலிருந்து ரோஜாவுக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வீடு. செங்கம்மாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் பழவேற்காட்டுக்குப் போய் மீன் எடுத்து வந்து, மீஞ்சூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு, மகள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாள். கையைப் பிடித்தபடி கூட்டி வந்து மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிடுவாள். ஆறு வயசுப் பிள்ளை ஜன்னலில் ஏறி உட்கார்ந்து, போகிற வண்டிகளின் நம்பரைப் படிக்கும். எண்களை அவள் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

அந்த ஊரில்தான் பஞ்சாயத்துக்காரர்கள் ஊர் ஏரிக்கரைப் புறம்போக்கில் சுற்றுச்சுவர் எழுப்பிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் கட்டினார்கள். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா, கையால் சுற்றுகிற ராட்டினம். ரிப்பன் வெட்டிய அன்று செங்கம்மாள் மார்க்கெட்டில் இருந்தாள்.

"எம்மா, எப்போமா பார்க்குக்குப் போறது?"

"ஞாயித்துக்கெழம."

"இந்த ஞாயித்துக்கெழமயா?"

"வேவாரம் சீக்கிரம் முடிஞ்சா இந்த ஞாயித்துக்கெழமதான். போய்ப் படி."

ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன்காரிக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அப்படியும் இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியத்திலேயே அன்னக்கூடை காலியாகிவிட்டது. கடைசியாக மிஞ்சிய கெழங்கா மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். சோப்புப் போட்டுக் குளித்தாள். எலுமிச்சம்பழத் தோலால் விரல்களைத் தேய்த்தாள். ரோஜாவுக்கு இரட்டைச் சடை போட்டு, பொங்கலுக்கு எடுத்த பாவாடையைக் கட்டிவிட்டாள். பிள்ளை முன்னால் குதித்துக்கொண்டு போயிற்று.

திடல் வாசலில் கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே நான்கு டிரெய்லர்கள் நின்றன.

செங்கம்மாளுக்கு முதலில் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. பிறகுதான் இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவில் சறுக்குமரத்தின் தலை தெரிந்தது. ஊஞ்சல் சங்கிலிகள் கேபினில் இடிக்காமல் இருக்க மேல் கம்பியில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. சீசாமேல் இரண்டு லுங்கிகள் காய்ந்தன. ஒரு வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்து ஒரு டிரைவர் சாம்பார் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, கழுத்தில் சிலுவைக் கயிறு.

"அண்ணா, இது பசங்க வெளையாட்ற எடம்ணா," என்றாள் செங்கம்மாள்.

அவர் கரண்டியோடு எழுந்து நின்றார். "தெரியும் தாயி. எனக்கும் பேரப்பிள்ளைய இருக்கு தூத்துக்குடியில. யார்டுல எடம் இல்ல, இங்கன கொண்டு போடுன்னு சொல்லிட்டாங்க. ரோட்டுல போட்டா போலீசு பிடிக்கான். நாங்க எங்கன போவோம்?"

அவர் பெயர் பாக்கியநாதன். யார்டு கேட்டில் தன் முறை வர அவர் இரண்டு நாளாகக் காத்துக்கிடக்கிறார். வண்டியைவிட்டு நகரவும் முடியாது. எல்லாவற்றையும் கேட்டபிறகு அவரைத் திட்டச் செங்கம்மாளுக்கு வாய் வரவில்லை.

அதற்குள் ரோஜா வண்டிகளுக்கு நடுவில் புகுந்து சறுக்குமரத்தின் ஏணியில் ஏறிவிட்டாள். உச்சியில் போய்ப் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, கால் நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கீழே பார்த்தாள். சறுக்குமரம் முடிகிற இடத்தில் ஒரு வண்டியின் பின்சக்கரம் நின்றது. சறுக்கினால் நேராக டயரில்தான் போய் இடிக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு திரும்பி, ஏறின ஏணியிலேயே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

"பரவால்லமா," என்றாள். "மேல ஏறனா ஏரி தெரிது."

அழுதிருந்தால் செங்கம்மாள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

*

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் மணவாளன் வீட்டுக்கு வந்தான். இறால் தொக்கும் சுடுசோறும் வைத்திருந்தாள். அவன் முதல் கவளத்தை எடுக்கும்வரை பொறுத்திருந்து ஆரம்பித்தாள்.

"பார்க்குக்குள்ள வண்டி வுட்டுக்கினு கீறாங்களே, உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினேவா சும்மா கீற?"

"நானா வுட்டேன்? துளசிராமன் சார் சொல்லிக் கீறாரு. நான் இன்னா பண்ண முடியும்?"

துளசிராமன் யார்டு சூப்பர்வைசர். எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று முடிவு பண்ணுகிறவர்.

"நீயும் வுட்ருக்கியா?"

மணவாளன் கவளத்தைத் தட்டில் வைத்தான். சோற்றைப் பார்த்தான்.

"யோவ், உன்னத்தான் கேக்கறேன்."

"ஒரு நாளு வுட்டேன். புதன்கெழம. கேட்ல சொன்னாங்க, வுட்டேன்."

செங்கம்மாள் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்து வைத்தாள். ஜன்னலில் ரோஜா தூங்கிப்போயிருந்தாள். பொங்கல் பாவாடையை அவிழ்க்கக் கூட இல்லை.

"தை மாசம் அவ்ளோ நடந்துச்சே," என்று மணவாளன் மெதுவாகச் சொன்னான். "அப்போ எல்லாரும், இவன் கை நடுங்குது, இவனுக்கு வண்டி குடுக்காதீங்கன்னு சொன்னானுங்க. சார்தான் குடுத்தாரு. சோறு போட்ற எடம் செங்கு அது."

"சோறு நானுந்தான் போட்றேன். மீன் வித்து."

"இல்லன்னு சொன்னனா?"

"ஒம் பொண்ணு டயரப் பாத்து எறங்கி வந்துச்சுய்யா. ஒரு வார்த்த கேக்கல. ஏம்மா இங்க வண்டி நிக்குதுன்னு கூடக் கேக்கல. வண்டி நிக்கற எடத்துல நம்ம போவக் கூடாதுன்னு அதுக்குப் பயகிப்போச்சு." அவள் மேல்தாழ்ப்பாளைப் பார்த்தாள். "நாந்தான் பயக்கினேன். தாப்பா போட்டுப் போட்டு நாந்தான் பயக்கினேன்."

மணவாளன் கையைக் கழுவிவிட்டான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

எதிர்வீட்டு ஜெனிபர் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். இரண்டு பையன்கள். அன்று இரவு அவள் செங்கம்மாளோடு வாசல்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "பஞ்சாயத்துல போய்ச் சொன்னோம்க்கா. பாக்கறேன் பாக்கறேன்னு சொல்லிகினே கீறாங்க. யார்டுல கேட்டா, ரெண்டு நாளுல எடுத்துருவோம்ன்றான். ஒண்ணு போனா அடுத்தது வந்து நிக்குது. ஒரே பேஜாரா கீது."

"ஒண்ணு போனா அடுத்தது வருதா?" என்று கேட்டாள் செங்கம்மாள்.

"ஆமா."

"அப்ப வாசலு கொஞ்ச நேரம் காலியா கெடக்கும்ல?"

ஜெனிபர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாக்கா நெனச்சிகினு கீற நீ?"

*

மறுநாள் செங்கம்மாள் பழவேற்காட்டில் வழக்கத்தைவிட அதிகமாகவே மீன் எடுத்தாள். மடவை, கெழங்கா, நண்டு, கொஞ்சம் இறால். பாதியை மீஞ்சூரில் விற்றாள். மீதியை ஐஸ் போட்டுச் சாக்கால் மூடி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கரியான்மேட்டுக்கே கொண்டு வந்தாள். ரோஜாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு நேராகத் திடலுக்குப் போனாள். உள்ளே நான்கு வண்டிகளும் அப்படியே நின்றன. வாசலின் நட்டநடுவில் பலகையைப் போட்டாள். அன்னக்கூடையை இறக்கினாள். அருவாமனையைக் காலில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்து, தொண்டையைத் திறந்தாள்.

"மடவ மடவ! ஏரி மடவ! உசுரு நண்டு!"

கரியான்மேட்டுப் பெண்கள் மீன் வாங்க மீஞ்சூருக்கு பஸ் ஏறிப் போகிறவர்கள். மீன் ஊருக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் பாத்திரமும் கையுமாக வந்தார்கள். வந்தவர்களோடு பிள்ளைகளும் வந்தன. பேரம் பேசுகிறவர்கள், செதில் எடுக்கக் காத்திருக்கிறவர்கள், சும்மா நின்று கதை பேசுகிறவர்கள் என்று வாசல் அடைத்துக்கொண்டது. பிள்ளைகள் பெண்களின் இடுப்புக்குக் கீழே நுழைந்து உள்ளே ஓடின. பாக்கியநாதன் தன் லுங்கியை எடுத்துக்கொண்டு, ஊஞ்சல் சங்கிலி ஒன்றையும் அவிழ்த்துவிட்டார்.

யார்டில் இடம் கிடைக்காத டிரெய்லர் ஒன்று உள்ளே நுழைய வந்து நின்று ஹாரன் அடித்தது.

"இன்னா மீன் வோணும்?" என்று செங்கம்மாள் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"மீன் வேணாம்மா, வழி உடு."

"மீன் வேணாம்னா ஏன் கடை முன்னால நிக்கற? வேவாரத்தக் கெடுக்காத, போ."

பெண்கள் சிரித்தார்கள். டிரைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு யார்டுக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் துளசிராமன் பைக்கில் வந்தார். வெயிலில் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"யார் இங்க கடை போடச் சொன்னது?"

"யாரு சார் இங்க வண்டி போடச் சொன்னது?"

"இது பஞ்சாயத்து எடம்மா."

"அதான் சார் நானும் சொல்றேன்."

"நீ மணவாளன் ஊட்டுக்காரம்மாதான? ஒங்கூட்டுக்காரனுக்கு வேல வேணுமா, வேணாமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. செங்கம்மாள் மடவையின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் போட்டாள். அடுத்த மீனை உடனே எடுத்தாள்.

"அது அவரு வேல சார். இது என் வேல. ரெண்டத்தியும் ஏன் கலக்கற?"

துளசிராமன் போனை எடுத்தார். "மணவாளா, எங்க வந்துகினு இருக்க? டோல்கேட்டா? நேரா பார்க்குக்கு வா. மொதல்ல ஒன் வண்டிதான் உள்ள போவணும். இந்தம்மாவ எழுப்பி ஊட்டுக்கு இட்டுகினு போ."

போனை வைத்துவிட்டுப் பைக்கில் சாய்ந்து நின்றார். யாரும் கலைந்து போகவில்லை. ஜெனிபர் செங்கம்மாள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, நண்டின் காலை ஒடித்துத் தர ஆரம்பித்தாள். வேலைக்குப் போகிற யூனிபார்ம் அழுக்காவதை அவள் பார்க்கவில்லை.

மணவாளன் வண்டி ரோட்டு முனையில் திரும்புவது தெரிந்தது. அந்த எஞ்சின் சத்தம் செங்கம்மாளுக்குத் தெரியும். திடலுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் குறுக்கே நின்ற மாதிரி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேராக அவளிடம் வந்து நின்றான்.

"செங்கு, கூடைய எடு."

அவள் அருவாமனையை விட்டு எழவில்லை. எல்லார் எதிரிலும் இப்படிச் சொல்லிவிட்டானே என்று இருந்தது. "மாட்டேன்யா," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"எடுன்றேன்ல."

"ஒம் பொண்ணு உள்ள கீறா."

"தெரியும். அதான் எடுன்றேன்." அவன் குனிந்து அன்னக்கூடையின் ஒரு காதைப் பிடித்தான். "நீ வாசல்ல உக்காந்துகினா உள்ள கீற நாலும் எப்படி வெளிய வரும்?"

அவள் அண்ணாந்து அவனைப் பார்த்தாள். பிறகு அடுத்த காதை அவள் பிடித்தாள்.

மணவாளன் பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டான். "எல்லாப் புள்ளைங்களையும் ஏரிக்கரப் பக்கம் இட்டுகினு போங்க. ஒண்ணு வுடாம எண்ணிக்கோங்க. யாரும் கைய வுடக் கூடாது." ஜெனிபர் பிள்ளைகளைக் கோழிக்குஞ்சு மாதிரி ஓட்டிக்கொண்டு போனாள். ரோஜா ராட்டினத்திலிருந்து இறங்கி அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

சுவர் ஓரமாகப் புகுந்து நின்ற வண்டிதான் சிக்கல். பாக்கியநாதனுடையது. உள்ளே விடும்போது மற்ற வண்டிகள் இல்லை. இப்போது சறுக்குமரத்துக்கும் பக்கத்துக் கன்டெய்னருக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டிருந்தது. "நேராத்தான் வந்தேன். பின்னால எப்படிப் போவேன்னு தெரியல தம்பி," என்றார் பாக்கியநாதன். மணவாளன் சாவியை வாங்கிக்கொண்டு கேபினில் ஏறினான்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பது லேசான வேலை இல்லை. வால் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் நடுவில் மடிந்துகொள்ளும். மணவாளன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, பின்னால் பார்த்தபடி எடுத்தான். பாக்கியநாதன் வால் பக்கம் நின்று கையை ஆட்டினார். ஒரு முழம் பின்னால். நிறுத்தம். அரை முழம் முன்னால். மறுபடி ஒடித்துப் பின்னால். கன்டெய்னரின் மூலை சறுக்குமரத்தின் சிவப்புக் கைப்பிடியைத் தொடுவது போல் வந்து நின்றது. ஏரிக்கரையில் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். அவன் இறங்கி வந்து, பார்த்து, கையால் அளந்து, மறுபடி ஏறினான். தை மாதத்தில் கை நடுங்குகிறது என்று பேசப்பட்டவன் அவன்.

மூலை விலகியது. வால் வாசலுக்கு நேராக வந்தது. பிறகு முழு நீளமும் சுவரில் ஒரு கீறல் விழாமல் வெளியே நழுவிப் போயிற்று. பிள்ளைகள் ஓவென்று கத்தின.

மற்ற மூன்றையும் அவரவர் டிரைவர்களே எடுத்தார்கள். மணவாளன் வாசலில் நின்று வழி சொன்னான். ஒவ்வொன்று வெளியே வரும்போதும் ஏரிக்கரையிலிருந்து "வா வா வா வா, ரைட்டே!" என்று கூட்டமாகக் குரல் வந்தது. வண்டிகள் யார்டு கேட்டை நோக்கி வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் மணவாளனின் வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் பின்னால் மெயின் ரோடு வரைக்கும் வண்டிகள், ஹாரன் சத்தம்.

துளசிராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளையிலேர்ந்து ஒனக்கு வண்டி இல்ல மணவாளா."

மணவாளன் சட்டைப்பையிலிருந்து தன் வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான். "சரி சார். அப்ப நீயே எடுத்துக்கோ."

துளசிராமன் சாவியைப் பாக்கியநாதனிடம் நீட்டினார். "யோவ், நீ அந்த வண்டிய எடு."

பாக்கியநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். "லைசென்ஸ் இருக்கு சார். மனசுதான் வரமாட்டேங்கு."

அடுத்த டிரைவரைப் பார்த்தார். அவன் பீடி பற்றவைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தான். அடுத்தவன் குந்தி உட்கார்ந்து செங்கம்மாளிடம் நண்டு விலை கேட்டான். துளசிராமனின் போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தார். "வந்துரும் சார். கப்பலுக்கு டைம் இருக்கு சார். சின்ன டிராபிக் சார்," என்றார். வைத்ததும் மறுபடி அடித்தது. பாவம், அவருக்கும் தலைக்குமேல் ஆட்கள் இருந்தார்கள்.

"சார்," என்றான் மணவாளன் தணிவாக. "யார்டு பின்னால காலி கன்டெய்னர் பெட்டிய அகலமா பரப்பி வச்சிகீறாங்க. அத்த மேல மேல அடுக்குனா இந்த வண்டியெல்லாம் தாராளமா நிக்கும். கிரேன்காரங்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. டிரைவருங்க நாங்க எல்லாம் கூட நிக்கறோம். புள்ளைங்க எடம் வோணாம் சார்."

துளசிராமன் திடலைப் பார்த்தார். வண்டிகள் போன பிறகு அது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எல்லாருக்குமே தெரிந்தது. மணலில் டயர்த் தடம் ஆழமாகக் கிடந்தது. பிள்ளைகள் ஏரிக்கரையில் கைகோத்தபடி, ஓடிவர ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தன.

போன் மூன்றாம் முறை அடித்தது. அவர் எடுக்கவில்லை. சாவியை மணவாளன் கையில் திணித்தார்.

"பின்பக்கக் கேட்டத் தெறக்கச் சொல்றேன். எடுத்துகினு போய்த் தொல. காலையில வேலைக்கு வா." பைக்கை உதைத்தவர் திரும்பி, "அந்தக் கேட்ட எடுத்து மாட்டிருங்க. இல்லன்னா எவனாவது மறுபடி வுடுவான்," என்றார்.

மணவாளன் வண்டியை யார்டில் விட்டுவிட்டு டிரைவர்களோடு திரும்பி வந்தபோது திடல் முழுக்கப் பிள்ளைகள். டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கேட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். ரோஜா சறுக்குமரத்தில் எத்தனையாவது முறையோ இறங்கிக்கொண்டிருந்தாள். பொடிப்பொடியாக மணல் ஒட்டிய முகம். அவன் கீழே போய்க் கையை நீட்டி நின்றான்.

"தள்ளிக்கோ நைனா! பின்னால ஆளு வருது!"

அவன் தள்ளி நின்றான். சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செங்கம்மாள் மிஞ்சிய நண்டையெல்லாம் பாக்கியநாதன் சட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினாள். ஜெனிபர் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஊஞ்சலில் தள்ளினாள்.

"ஐய, வுடு ஜெனி. அறுந்து வுழுந்துரப் போவுது. மேலெல்லாம் கவுச்சி."

"ஒக்காருக்கா. இன்னிக்கு யாரு கேக்கப் போறாங்க உன்ன?"

உட்கார்ந்தாள். ஜெனிபர் ஒரு தள்ளு தள்ளினாள். முதல் ஆட்டத்தில் செங்கம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டாவதில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்றாவதில் காலை நீட்டி உந்த ஆரம்பித்தாள். சங்கிலி கிறீச்சிட, மீன் செதில் ஒட்டிய சேலை காற்றில் படபடக்க, ஊஞ்சல் ஏறிக்கொண்டே போயிற்று. பெண்கள் கைகொட்டிக் கூச்சல் போட்டார்கள். அவளும் கத்தினாள். மார்க்கெட்டில் மீனுக்காகக் கத்துகிற குரல் இல்லை அது.

சறுக்குமரத்தை விட்டு ஓடிவந்த ரோஜா ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"எம்மா, எறங்குமா! நான் எப்போ ஆட்றது?"

"இருடி," என்று மேலேயிருந்து கத்தினாள் செங்கம்மாள். "இன்னும் கொஞ்ச நேரம்!"